501-வது யூனிட் ஏன் 243 ரூபாய்? தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள கணக்கெல்லாம் 2024 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை வைத்துப் போட்டது. 2025 ஜூலையில் 3.16 சதவீதம் உயர்வு வந்தபோது, வீடுகளுக்கான பங்கை அரசே மானியமாக ஏற்றுக்கொண்டதால் நாம் கட்டும் தொகை மாறவில்லை. பில்லையும் ஒரு கால்குலேட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் வசதி.

கரண்ட் விலையை யார் முடிவு செய்கிறார்கள்? மின்வாரியமா, அரசா?

இரண்டும் இல்லை, காகிதத்தில். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி விலை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். வாரியம் (இப்போது அதன் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம், ஊரில் எல்லோருக்கும் இன்னும் ஈபிதான்) தன் செலவுக் கணக்கைக் காட்டி மனு போடும். ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டு ஆணை போடும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் அப்படிக் கூட்டம் நடத்திவிட்டுத்தான் செப்டம்பர் 10 முதல் கட்டணத்தை உயர்த்தினார்கள்.

அரசு எங்கே வருகிறது என்றால், மானியத்தில். ஆணையம் சொன்ன விலையை மக்கள் முழுதாகக் கட்டவேண்டாம் என்று அரசு நினைத்தால், மிச்சத்தை அதுவே வாரியத்துக்குக் கொடுக்கவேண்டும். சட்டத்தின் 65-வது பிரிவு அதை முன்கூட்டியே கொடுக்கச் சொல்கிறது. 2016 மே மாதம் முதல் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் இந்த வகைதான். 2024 ஆணையில் முதல் யூனிட்டுக்கே விலை ரூ.4.80. 400 யூனிட் ஓடிய வீட்டுக்கு அந்தக் கணக்கில் ரூ.1,920 வரவேண்டும். வீட்டுக்காரர் கட்டுவது ரூ.1,175. மீதி 745 ரூபாய் அரசுக் கஜானாவிலிருந்து போகிறது, அதாவது வேறு வழியில் நம்மிடமிருந்தே.

சரி, ஒரு யூனிட் எவ்வளவு?

இப்படிக் கேட்டால் பதிலே கிடையாது. இரண்டு மாதத்தில் மொத்தம் எத்தனை யூனிட் என்பதைப் பொறுத்துத்தான் விலை. அதிலும் இரண்டு தனித்தனிப் பட்டியல்கள் இருக்கின்றன.

மொத்தம் 500-க்குள் இருந்தால்: முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30.

500-ஐத் தாண்டிவிட்டால்: முதல் 100 இலவசம், 101 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30, 501 முதல் 600 வரை ரூ.8.40, 601 முதல் 800 வரை ரூ.9.45, 801 முதல் 1,000 வரை ரூ.10.50, அதற்கு மேல் ரூ.11.55.

வீடுகளுக்கு நிலைக்கட்டணம் (கரண்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டவேண்டிய தொகை) 2022-இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பில் பூஜ்யமாக வருவது அதனால்தான்.

500-ஐத் தாண்டினால் மொத்தத்துக்கும் ரேட் ஏறிவிடும் என்கிறார்களே?

மொத்தத்துக்கும் இல்லை. ஆனால் பயப்படுவதில் நியாயம் உண்டு. மேலே உள்ள இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 101 முதல் 200 வரையான நூறு யூனிட் முதல் பட்டியலில் ரூ.2.35, இரண்டாவதில் ரூ.4.70. வித்தியாசம் அந்த ஓர் இடத்தில்தான்.

500 யூனிட்டுக்குப் பில் ரூ.1,805. 501 யூனிட்டுக்கு ரூ.2,048.40. அந்த ஒரே ஒரு யூனிட்டுக்கு ரூ.243.40 ஆகிறது: தன் சொந்த விலை ரூ.8.40, அதோடு கீழே இழந்த சலுகை ரூ.235. 502-வது யூனிட்டுக்கு மறுபடி ரூ.8.40 மட்டும்தான். ஆக, 490-இல் நிற்கிறவர் கடைசி இரண்டு நாள் கொஞ்சம் கவனமாக இருந்தால் பலன் உண்டு. 560-இல் இருக்கிறவர் லைட்டை அணைத்து அணைத்து ஓடுவதில் அப்படி ஒன்றும் பெரிய மிச்சம் இல்லை, யூனிட்டுக்கு எட்டேகால் ரூபாய் சொச்சம்தான்.

இலவச 100 யூனிட் 500-ஐத் தாண்டியவர்களுக்கும் உண்டு. தாண்டினால் அது போய்விடும் என்பது தவறான பேச்சு.

ரீடிங் எடுக்க ஐந்து நாள் தாமதமாக வந்தார். எனக்கு நஷ்டமா?

500-க்குப் பக்கத்தில் இருப்பவர் என்றால் ஆமாம். நாளைக்கு 8 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 60 நாளில் 480 யூனிட், பில் ரூ.1,679. கணக்கீட்டாளர் 65-வது நாள் வந்தால் 520 யூனிட், பில் ரூ.2,208. அடுத்த முறை சரியான தேதிக்கு வந்தால் அது 55 நாள் கணக்கு, 440 யூனிட், ரூ.1,427. இரண்டு பில்லும் சேர்ந்து ரூ.3,635. ஒழுங்காக 60 நாளுக்கு ஒருமுறை எடுத்திருந்தால் ரூ.3,358. கரண்ட் அதே அளவு, பணம் 277 ரூபாய் அதிகம்.

150 யூனிட், 300 யூனிட் ஓடும் வீடுகளுக்கு இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. அடுத்த பில்லில் சரியாகிவிடும்.

எனவே வழக்கமாக ரீடிங் எடுக்கும் தேதியை அட்டையிலோ பழைய பில்லிலோ பார்த்து வைத்துக்கொண்டு, அன்று மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆள் தாமதமாக வந்து, அதனால் நீங்கள் 500-ஐத் தாண்டியிருந்தால், மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்க அந்தப் படம் உதவும். வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

மாதாமாதம் ரீடிங் எடுத்தால் பில் பாதியாகிவிடும் அல்லவா?

இதைச் சொல்லாத ஆள் இல்லை, தேர்தல் வாக்குறுதியாகவும் வந்திருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது: ஸ்லாப் (எத்தனை யூனிட் வரை என்ன விலை என்ற எல்லை) அப்படியே இருக்குமா, அதுவும் பாதியாகுமா? மாதம் 100 யூனிட் இலவசம், மாதம் 500 வரை சலுகை என்று வைத்தால் பில் உண்மையிலேயே பெரிதாகக் குறையும். அது கட்டணக் குறைப்பு. ரீடிங் எடுக்கும் முறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாதம் 50 இலவசம், 250 வரை சலுகை என்று எல்லைகளையும் பாதியாக்கினால் என்ன ஆகும்?

ஒரு வீட்டில் முதல் மாதம் 200, அடுத்த மாதம் ஏசி போட்டதால் 320 என்று வைப்போம். இப்போதைய முறையில் 520-க்கு ரூ.2,208. பாதி ஸ்லாப் வைத்து மாதாமாதம் போட்டால் முதல் மாதம் ரூ.587.50, இரண்டாம் மாதம் ரூ.1,629. கூட்டினால் ரூ.2,216.50. எட்டரை ரூபாய் அதிகம்! இரண்டு மாதத்தைச் சேர்த்துக் கணக்குப் போடும்போது, குறைவாக ஓடிய மாதம் அதிகமாக ஓடிய மாதத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. தனித்தனியாகப் பிரித்தால் அந்தத் தாங்கல் போய்விடும்.

மாத பில்லுக்கு வேறு நன்மைகள் உண்டு. சம்பளக்காரருக்கு ஒரே அடியாகக் கட்டுவதைவிட மாதாமாதம் கட்டுவது சுலபம், மீட்டர் கோளாறும் சீக்கிரம் தெரியும். பில் பாதியாகும் என்பதை மட்டும், ஸ்லாப் என்ன என்று கேட்காமல் நம்பவேண்டாம்.

ஏசிக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது?

பில் தொகையை யூனிட்டால் வகுத்து "எனக்கு யூனிட் ஐந்து ரூபாய்தான்" என்று சொல்கிறவர்கள் ஏமாறும் இடம் இது. வீட்டில் ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் சேர்ந்து 380 யூனிட் என்று வையுங்கள், பில் ரூ.1,081. கோடையில் ஏசி 300 யூனிட் சேர்த்து மொத்தம் 680 ஆகிறது, பில் ரூ.3,636. சராசரி பார்த்தால் யூனிட் ரூ.5.35. ஆனால் ஏசிக்காக மட்டும் கூடியது ரூ.2,555. 300-ஆல் வகுத்தால் யூனிட் எட்டரை ரூபாய்.

புதிதாக எதை வாங்கினாலும், எதை மாற்றினாலும், கணக்கு இந்தக் கடைசி யூனிட்டின் விலையில்தான் போடவேண்டும். 75 வாட் பழைய ஃபேனை எடுத்துவிட்டு 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால், நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் குறையும். மொத்தம் 180 யூனிட் ஓடும் வீட்டில் அதன் மதிப்பு 94 ரூபாய். 750 யூனிட் ஓடும் வீட்டில் 378 ரூபாய். அதே ஃபேன்தான்.

1.5 டன் ஏசி, அறையையும் வெயிலையும் பொறுத்து, மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும். 2 கிலோவாட் கீசர் அரை மணிக்கு ஒரு யூனிட். செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பதில் காட்டும் அக்கறையை இந்த இரண்டில் காட்டினால் போதும்.

இந்த முறை பில் திடீரென்று இரண்டு மடங்கு. மீட்டர் வேகமாக ஓடுகிறதா?

மீட்டரைக் குறைசொல்லும் முன் வீட்டைப் பாருங்கள். முதலில் பில்லில் உள்ள ரீடிங்கும் மீட்டரில் தெரிவதும் ஒத்துப்போகிறதா? கதவு பூட்டியிருந்ததால் சராசரி போட்டிருக்கிறார்களா? நாட்கள் 60-தானா? அப்புறம், மீட்டர் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே எத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் 3200.

வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். இன்வெர்ட்டரை மறக்கவேண்டாம். விளக்கு மின்னுவது நிற்கவேண்டும். நிற்காமல் மின்னினால், மீட்டருக்குப் பிறகு எங்கோ கசிகிறது, அல்லது உங்கள் லைனிலிருந்து வேறு யாருக்கோ போகிறது. மாடிப்படி லைட், பொது மோட்டார், பக்கத்துப் போர்ஷன் பிளக் பாயிண்ட் எல்லாம் இப்படிக் கண்டுபிடிக்கப்படுபவை. எம்சிபியை (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள டிரிப் சுவிட்சை) ஒவ்வொன்றாக இறக்கினால் எந்த லைன் என்று பிடித்துவிடலாம்.

அடுத்து ஒரு சாமானை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 40 முறை மின்னினால், 40 பெருக்கல் 60 வகுத்தல் 3200, அதாவது மணிக்கு முக்கால் யூனிட், 750 வாட். அயர்ன் பாக்ஸில் 750 வாட் என்று எழுதியிருந்தால் மீட்டர் சரி. பெரிய வித்தியாசம் தெரிந்தால் பிரிவு அலுவலகத்தில் கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். சரியா?

சப் மீட்டர் வாரியத்துடையது அல்ல, அந்த ரேட்டும் ஆணையம் போட்டதல்ல. ஆனால் ஓனர் பக்கக் கணக்கையும் பாருங்கள். மூன்று போர்ஷனும் ஒரே இணைப்பில் இருந்தால் மொத்தம் 1,000-ஐத் தாண்டிவிடும். அங்கே கடைசி யூனிட் அவருக்கே ரூ.11.55 ஆகும். எல்லோரும் ஒரே இலவசத்தையும் ஒரே ஸ்லாப்பையும் பங்குபோடுவதால் வரும் வினை இது. தனி வாசல், தனிச் சமையலறை உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்பு வாங்குவதுதான் நிரந்தர வழி. வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள். அதுவரை, மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் ரேட்டைக் கேட்பது நியாயம். தகராறு என்று ஃபியூஸைப் பிடுங்கினால், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளை உரிமையாளர் நிறுத்த 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

அப்படியானால் என் வீட்டுக்கே இரண்டு இணைப்பு வாங்கிப் பிரித்துக்கொள்ளலாமா?

ஒரே குடும்பம், ஒரே அடுப்பு என்றால் கூடாது. 2022 கட்டண ஆணைக்குப் பிறகு இதைத் தேடிப் பார்த்து இணைக்கச் சொல்கிறார்கள்.

வீட்டு முன்னறையில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். வீட்டு இணைப்பே போதுமா?

போதாது. ஆய்வில் பிடிபட்டால் மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு, போடுவார்கள். கடைக்குத் தனி மீட்டர் வாங்கிவிடுங்கள்.

ஜூலை வந்தாலே கட்டணம் ஏறுகிறதே, ஏன்?

2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை கட்டணமே உயரவில்லை. ஓட்டுக்குப் பயந்து எல்லா ஆட்சியும் தள்ளிப்போட்டது என்பதுதான் என் அபிப்பிராயம். இடையில் நிலக்கரி விலை, வெளியில் வாங்கும் மின்சாரம், வட்டி எல்லாம் ஏறி, கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அதனால் 2022 ஆணையில், ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒட்டி, அதிகபட்சம் 6 சதவீதம் வரை தானாக உயரும்படி வைத்துவிட்டார்கள். இது 2026-27 வரைக்குமான ஏற்பாடு. 2023-இல் 2.18 சதவீதம், 2024-இல் 4.83, 2025-இல் 3.16. இவற்றில் 2024 உயர்வு மட்டும்தான் வீட்டுப் பில்லில் தெரிந்தது.

வாங்கும் விலையையும் சொல்லவேண்டும். 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட் வரை போனது. பகலில் சோலார் கைகொடுக்கிறது, மே முதல் செப்டம்பர் வரை கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் பக்கம் காற்றாலை ஓடுகிறது. சூரியன் இறங்கி, எல்லா வீட்டிலும் ஏசி ஏறும் நேரத்துக்குத்தான் தட்டுப்பாடு. அப்போது மின்சந்தையில் யூனிட்டுக்கு உச்சவரம்பான 10 ரூபாய் வரை கொடுத்து வாங்கி, 400 யூனிட்டுக்குள் நிற்கும் வீடுகளுக்கு நாலே முக்கால் ரூபாய்க்குள் கொடுக்கிறார்கள். இழப்பு எங்கே போகும்? தொழிற்சாலை, கடைக் கட்டணத்தில் கொஞ்சம், மானியத்தில் கொஞ்சம், மீதி கடனில்.

போன் கம்பெனி மாற்றுவதுபோல வேறு நிறுவனத்துக்கு மாற முடியாதா?

மும்பையில் டாடா, அதானி என்று மாறுகிறார்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு விநியோகிப்பது ஒரே நிறுவனம். வெளியில் வாங்கும் வசதி பெரிய ஆலைகள் போன்றவர்களுக்குத்தான்.

மாடியில் சோலார் போட்டால் லாபமா?

யூனிட் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ரூ.30,000, 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் ரூ.78,000 மானியம்.

சோலார் குறைப்பது உச்சியில் உள்ள விலை உயர்ந்த யூனிட்டுகளை. 900 யூனிட் ஓடும் வீட்டில் 2 கிலோவாட் போட்டு 420-க்கு இறங்கினால், பில் ரூ.5,820-இலிருந்து ரூ.1,301 ஆகிவிடும். இரண்டு மாதத்துக்கு நாலரை ஆயிரம் மிச்சம், சில வருடங்களில் போட்ட பணம் திரும்பிவிடும். 300 யூனிட் ஓடும் வீட்டின் முழு பில்லே 705 ரூபாய்தான். விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அந்த வீட்டுக்கு இது இன்னும் அவசரமில்லை.

கூடுதல் வைப்புத்தொகை கேட்கிறார்கள். இது என்ன புதுக் கட்டணம்?

கட்டணம் இல்லை. உங்கள் சராசரிப் பயன்பாடு ஏறியதால் காப்புத்தொகையை ஏற்றுகிறார்கள். அது உங்கள் பணம். சட்டப்படி அதற்கு வட்டி உண்டு, பில்லில் கழிப்பார்கள். கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பில் தவறு என்று நினைக்கிறேன். கட்டாமல் இருக்கலாமா?

வேண்டாம். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்டவேண்டும், சும்மா விட்டால் இணைப்பைத் துண்டிக்க வழிசெய்துவிடுவீர்கள். மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது: ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, கேட்ட தொகை, கடந்த 6 மாதச் சராசரியில் வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. எப்படியிருந்தாலும் துண்டிப்பதற்கு 15 நாள் எழுத்துமூல அறிவிப்பு தரவேண்டும். தொடர்ந்து பாக்கி என்று காட்டாமல் விட்ட பழைய தொகையை இரண்டு வருடம் கழித்துத் தோண்டி எடுத்து வசூலிக்கவும் முடியாது.

முதலில் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் மனு கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இலும் புகார் பதியலாம், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நடக்கவில்லையென்றால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின்நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதன் தீர்ப்பும் திருப்தி இல்லையென்றால் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளர். வக்கீல் இல்லாமலே போகலாம். மீட்டர் போட்டோ, பழைய பில்கள், கையெழுத்து வாங்கிய மனு நகல் மூன்றும் கையில் இருக்கட்டும்.